கிளிக்கு வேலை கொடுங்கள்

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் விடியற்காலை வயல் வரப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டே கூட்டமாக வந்து இறங்கும். ஒன்று தட்டையைப் பற்றி ஏறும், தலைகீழாகத் தொங்கும், கதிரின் தோகையைக் கீற்றுக் கீற்றாகக் கிழிக்கும். நாலு மணியைக் கொறிக்கும், பத்து மணியைக் கடித்துத் துப்பும், அடுத்த கதிருக்குத் தாவும். "தின்னாக்கூடப் பரவாயில்லைங்க, கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போகுது" என்று அங்குள்ள விவசாயிகள் புலம்புவார்கள். அவர்களுடைய நட்டம் நிஜமானது. ஆனாலும் கால்நடை மருத்துவராக அந்த வயலில் நிற்கும்போது நான் பார்ப்பது, தன் உடம்பு எதற்காக அமைந்ததோ அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு பறவையை.

கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கி, இரண்டு பின்னோக்கி. அதனால் அது கிளையைப் பற்றி ஏறும். ஒரு காலில் நின்றபடி மறு காலால் காயைப் பிடித்து வாய்க்குக் கொண்டுவரும். கீழ் அலகைப் போலவே மேல் அலகும் தனியாக அசையும். நாக்கு தடித்தது, தசை நிறைந்தது; தோட்டுக்குள் இருக்கும் பருப்பைத் தடவித் திருப்பி எடுத்துவிடும். உரிக்க, உடைக்க, கிழிக்க, தேட என்று அமைந்த இந்த உடம்பைத்தான் வீட்டுக் கூண்டில் வைத்து, முன்னால் ஒரு கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதையையும் வைத்துவிட்டு நாம் அலுவலகம் கிளம்பிப் போகிறோம்.

திருச்சியில் நாய் பூனைகளோடு பறவைகளையும் பார்க்கும் மருத்துவமனை ஒன்றை நடத்துகிறேன். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காக்டெய்ல், கான்யூர், ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜி, எப்போதாவது ஒரு மக்காவ் வரும். இவற்றில் என்னை அதிகம் வருத்துவது சாம்பல் கிளிகள்தான். ஒரு குடும்பம் தங்கள் கிளியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தது. துண்டை விலக்கினால் மார்பும் தொடையும் மொட்டையாக, தோல் சிவந்து தெரிகிறது. தலையில் மட்டும் ஓர் இறகுகூடக் குறையவில்லை. அந்தத் தலையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தோல் நோய் என்றால் தலையை மட்டும் விட்டுவைக்க வேண்டியதில்லை. தன் அலகு எட்டாத ஒரே இடம் தலை என்பதால் அங்கே இறகு தப்பியிருக்கிறது. மற்றதையெல்லாம் கிளி தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது.

வீட்டில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார்கள். நான் ரத்தம், எச்சம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தேன். இறகு பிடுங்கும் பறவைக்கு முதலில் உடல் நோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஈரல் கோளாறு, பூஞ்சைத் தொற்று, வைரஸ், ஒட்டுண்ணி, வைட்டமின் ஏ குறைபாடு, கூண்டுக் கம்பியின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டித் தின்றதால் ஏறும் நஞ்சு என்று காரணங்கள் பல. இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரிடம் போகாமல் பொம்மை மட்டும் வாங்கி மாட்டிவிடக் கூடாது. இந்தக் கிளிக்குப் பரிசோதனையில் எதுவும் அகப்படவில்லை. "காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி வரைக்கும் இது என்னங்க பண்ணும்?" என்று கேட்டேன். "சாப்பிடும், கத்தும், நாங்க வந்தா பேசும்" என்றார் அந்த வீட்டு அம்மா. அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. கிளியிடமும் செய்ய எதுவும் இல்லை.

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் காட்டுக் கிளிகள் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் இரை தேடுவதில் கழிக்கின்றன. அவற்றின் நெருங்கிய உறவான அமேசான் கிளிகளைக் கூண்டில் வைத்துக் கிண்ணத்தில் உணவு போட்டால் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாட்டு வேலை முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தை என்ன செய்வது? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இளம் அமேசான் கிளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஏறத்தாழ ஓராண்டு கவனித்தார்கள். 2003-இல் முடிவு வெளிவந்தது. துளைகளில் இருந்தும் உறைகளுக்குள் இருந்தும் உணவைத் தேடி எடுக்கும்படி வைத்து, ஏறி இறங்க, தொங்க, கடிக்கப் பொருள்கள் கொடுத்த குழுவின் இறகுகள் நன்றாக இருந்தன. வெறுங்கூண்டில் இருந்தவை இறகு பிடுங்கத் தொடங்கின. அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகின் நிலை தேறியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இறகு பிடுங்கிக்கொண்டிருந்த சாம்பல் கிளிகளுக்குக் குழாய்க்குள் உணவை வைத்து, துளை வழியாக ஒவ்வொன்றாக எடுக்க விட்டார்கள். இரை தேடும் நேரம் கூடியது, இறகும் தேறியது. அது 2008-இல் வந்த ஆய்வு.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகக் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 50 இனங்களைச் சேர்ந்த 1,300-க்கும் மேற்பட்ட வளர்ப்புக் கிளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, காட்டில் எந்த இனத்தின் உணவுக்கு உரித்தல், உடைத்தல், தேடல் அதிகம் தேவையோ அந்த இனமே வீட்டில் அதிகம் இறகு பிடுங்குகிறது என்று தெரிந்தது. உடம்பளவுக்கு மூளை பெரிதாக உள்ள இனங்கள், கம்பியைக் கடித்தல், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடுதல் போன்ற வேறு கோளாறுகளுக்கு அதிகம் ஆளாகின்றன. அறிவாளிக் கிளி என்று பெருமையோடு விலை கொடுத்து வாங்குகிறோமே, அந்த அறிவுதான் வேலை இல்லாமல் அதை வதைக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் பதறுகிறார்கள். "புள்ள மாதிரி வளக்குறோம் டாக்டரம்மா. சாப்பாட்டை ஒளிச்சு வெச்சுத் தேடித் தின்னுன்னு விடச் சொல்றீங்களே, பாவமில்லையா?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் இருக்கும் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் கிளியையே கேட்டுப் பார்க்கலாம். பக்கத்திலேயே கிண்ணத்தில் அதே உணவு இலவசமாக இருக்கும்போதும், மூடியைத் திறந்து, தாளைக் கிழித்து எடுக்கும் உணவைத் தேடிப் போகும் கிளிகள் இருக்கின்றன; சாம்பல் கிளிகளிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டியையும் வீட்டில் இதைச் செய்து பார்க்கச் சொன்னேன். நிலக்கடலையை உரித்துக் கிண்ணத்தில் கொஞ்சம், தோலோடு ஒரு தொன்னையில் கொஞ்சம். கிளி தொன்னைக்குத்தான் போனது என்று பேரனை விட்டு எனக்குப் போன் பண்ணச் சொன்னார்.

இதற்குக் காசு அதிகம் தேவையில்லை. ஆன்லைனில் விற்கும் விலை உயர்ந்த அக்ரிலிக் பொம்மைகளை நான் பரிந்துரைப்பதில்லை. காந்தி மார்க்கெட்டில் ஒரு சுற்று வந்தால் போதும். தோகை உரிக்காத மக்காச்சோளம் ஒன்று ஒரு சாம்பல் கிளியைக் காலை முழுவதும் பிடித்து வைக்கும். தோலோடு பச்சைப் பட்டாணி, முழு வெண்டைக்காய், முழுக் கொய்யா, காம்போடு சிவப்பு மிளகாய். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, விதையை ரசித்துத் தின்னும். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் கிளி தின்பதோடு அதிலேயே புரண்டு குளிக்கவும் செய்யும். வைட்டமின் ஏ-க்கும் அதைவிட மலிவான வழி கிடையாது. கொட்டாங்குச்சியில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் நார் அடைத்து, நாருக்குள் நாலு கடலையைப் புதைக்கலாம். வாழைச்சருகில் மடித்து ஈர்க்கால் தைத்துவிடலாம். கோயிலில் பிரசாதம் தருகிற தொன்னை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு எல்லாமே கிழித்துப் போட நல்லவை. புதியதாக, எண்ணெய் படாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் கிளிக்கும் ஒரே வேலை ஒத்துவராது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. காக்டெய்லும் பட்ஜியும் ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளைச் சேர்ந்தவை. தரையில் நடந்து புல் விதை பொறுக்குகிறவை. அவற்றுக்கு உயரத்தில் கொட்டாங்குச்சி கட்டித் தொங்கவிட்டால் பயந்து ஒதுங்கும். என் வீட்டில் இரண்டு காக்டெய்ல் இருக்கின்றன. மூங்கில் முறம் ஒன்றில் காய்ந்த வாழைச்சருகை நறுக்கிப் போட்டு, அதற்குள் தினையையும் கம்பையும் தூவித் தரையில் வைத்துவிடுவேன். இரண்டும் இறங்கி, காலால் சருகைத் தள்ளித் தள்ளிப் பொறுக்கும். மாலையில் திரும்பி வந்தால் முறத்தைச் சுற்றி ஒரு களம் அடித்த மாதிரி இருக்கும்.

தினை என்றதும் சொல்ல வேண்டும். தினைப்புனத்தில் கிளி விரட்டிய வள்ளியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறிஞ்சிப் பாட்டு எழுதிய காலத்திலேயே கிளி ஓட்டுவதற்கென்று தட்டை, குளிர் என்று தனிக் கருவிகள் இருந்தன. கிளிக்கும் தினைக்கதிருக்கும் உள்ள உறவை இவ்வளவு நெருக்கமாக அறிந்த மக்கள், கிளிக்குத் தினையைப் புடைத்துச் சுத்தம் செய்து கிண்ணத்தில் கொட்டுகிறோம். கதிராகவே கொடுங்கள். கொல்லிமலையில் தினை விளைகிறது. அறுவடைக் காலத்தில் சொல்லிவைத்துக் கதிரோடு வாங்கிக் காயவைத்துக்கொள்கிறேன். கம்பங்கதிர் அதைவிட எளிதாகக் கிடைக்கும். ஒரு கதிரைக் கம்பியில் செருகினால் பட்ஜி அதைப் பற்றித் தொங்கிக்கொண்டு மணி மணியாக உரித்துத் தின்பதைப் பார்க்கலாம். தினை கொழுப்பேற்றாது என்று நினைத்து அளவில்லாமல் கொடுத்துவிடவும் கூடாது. தேடித் தின்னும் உணவு அன்றன்றைய அளவுக்குள் அடங்க வேண்டும், கிண்ணத்துக்கு மேலதிகமாகச் சேரக் கூடாது.

மக்காவுக்கு இன்னும் கடினமான வேலை வேண்டும். கோஸ்டா ரிக்காவின் கடற்கரையில் செந்நிற மக்காவ்கள் கூட்டமாக மொய்க்கும் மரம், நம் பள்ளிக்கூட மைதானங்களில் நிழலுக்கு நிற்கும் அதே வாதாமரம்தான். ஆசியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் கல்லால் குத்தி உடைக்கும் அந்தக் கொட்டையை மக்காவ் அலகாலேயே பிளக்கும். மருந்து அடிக்காத மரத்தடியில் பொறுக்கி, கழுவிக் கொடுங்கள். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று கடையில் சொல்லும் பீச் முகப் பறவையின் பெட்டை, தாளையும் ஓலையையும் மெல்லிய நாராகக் கடித்துத் தன் முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது கூடு கட்டும் வேலை; முட்டை மேல் முட்டை இட்டுச் சுண்ணாம்புச் சத்து குறைந்து என்னிடம் வரும் பறவைகளும் உண்டு. அதற்கு ஓலையை அளவாகக் கொடுங்கள்.

தொடங்குவதில் அவசரம் கூடாது. சாம்பல் கிளி புதுப் பொருளைக் கண்டால் நடுங்கும். கூண்டுக்குள் நேரே திணித்தால் அன்று முழுவதும் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும். முதலில் அறையின் மறுபக்கத்தில் வையுங்கள், நீங்களே அதைக் கையில் எடுத்துப் பிரித்து உள்ளே இருக்கும் கடலையைத் தின்று காட்டுங்கள். கூட்டப் பறவை அது. நீங்கள் தின்பதைத் தானும் தின்னத் துடிக்கும். பிறகு கிண்ணத்தின் மேல் ஒரு தாளை மட்டும் மூடுங்கள். அது பழகியபின் தாளைக் கசக்கி உள்ளே உணவை வையுங்கள். உணவு எங்கே இருக்கிறது என்று கிளிக்குத் தெரியாமல் பட்டினி கிடந்துவிடக் கூடாது. சமையலறைத் தராசில் தினம் காலையில் எடை போடுங்கள். 450 கிராம் கிளி ஒரு வாரத்தில் 45 கிராம் இழந்துவிட்டால் அது அபாயம், நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள். ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு, தெர்மகோல், பளபளப்பு வண்ணத்தாள், ஜிகினா வேண்டாம். பருத்தி நூலும் பிரிந்த கயிறும் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விழுங்கினால் இரைப்பையில் பந்தாகத் திரண்டுவிடும். துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பியில் எதையும் கோக்காதீர்கள், எவர்சில்வர் கம்பி வாங்குங்கள். சாக்லெட், வெண்ணெய்ப் பழம், வெங்காயம் ஆகாது. பொம்மைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அதிலிருந்து கிளம்பும் புகை, மனிதருக்கு ஒன்றும் ஆகாத அளவிலேயே, பக்கத்து அறைக் கிளியைக் கொன்றுவிடும்.

பட்ஜிக் கூண்டில் கண்ணாடி மாட்டுவது ஊர் முழுக்க இருக்கும் பழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. ஆண் பட்ஜி கண்ணாடியில் தெரிவதைத் துணை என்று நம்பி அதற்குத் தன் இரையைக் கக்கி ஊட்டிக்கொண்டே இருக்கும். பதிலுக்கு எதுவும் கிடைக்காது. இன்னொரு பட்ஜியை வாங்கிச் சேர்ப்பது எவ்வளவோ மேல். டிவியைப் போட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான், சத்தம் இருக்கும், செய்ய எதுவும் இருக்காது. பேசக் கற்றுக்கொடுப்பதையே பெரிய பொழுதுபோக்காகச் சிலர் நினைக்கிறார்கள். பேச்சு நல்லதுதான், அது நம்மோடு சேர்ந்திருக்கும் நேரம். ஆனால் அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியை நினைத்துப் பாருங்கள். 1977 முதல் அது 2007-இல் இறக்கும் வரை ஐரீன் பெப்பர்பெர்க் அதற்கு நிறமும் வடிவமும் எண்ணும் கற்பித்தார். உலகிலேயே அதிகம் பேசப்பட்ட, பேசிப் பழக்கப்பட்ட கிளி. அதுவே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துப்போய், சரியான விடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லும் என்று அவர் எழுதியிருக்கிறார். உங்கள் கிளியிடம் நாள் முழுக்க "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்கிறபோது அதற்கும் சலிக்கும்.

கிளியைக் கூண்டில் வைப்பதே தவறு, இதில் விளையாட்டுப் பொருள் வேறா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பொறுத்தவரை நானும் அதையேதான் சொல்கிறேன், 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. கழுத்தில் வளையம் உள்ள கிளியையோ, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளியையோ வீட்டில் வைத்திருப்பது குற்றம். இறக்கை வெட்டிய சோதிடக்காரர் கிளியும் அதில் அடக்கம். அவற்றை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாக மாடியிலிருந்து பறக்க விடாதீர்கள், பறக்கப் பழகாதது பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். ஆனால் பண்ணையில் பொரித்து வளர்ந்த ஒரு சாம்பல் கிளிக்கு இங்கே திரும்பிப் போகக் காடு கிடையாது. அது ஐம்பது வருடம்கூட நம் வீட்டிலேயே வாழக்கூடும். வைத்திருப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுபவர்களிடம் நான் கேட்பது, அந்த ஐம்பது வருடத்தின் ஒவ்வொரு பகலையும் அது எப்படிக் கழிக்கப்போகிறது என்று யோசித்தீர்களா என்பதைத்தான்.

வீடு குப்பையாகும் என்பது இன்னொரு மறுப்பு. ஆகும். தோகையும் சருகும் நாரும் கூண்டைச் சுற்றிச் சிதறும். காட்டிலும் வயலிலும் சிதறுவது வீட்டில் மட்டும் சிதறாமல் இருக்காது. கீழே ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டு, மாலையில் உதறினால் போதும். வேலைக்குப் போகும் தம்பதிகளுக்கு நான் சொல்லும் வழி, இரவு டிவி பார்க்கும்போதே மறுநாளைக்கான நாலு பொட்டலத்தைக் கட்டி வைத்துவிடுவது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலைக்குப் போட்டியே நடக்கிறது.

என்னிடம் துண்டில் சுற்றி வந்த அந்தச் சாம்பல் கிளிக்குத் தொடையில் இறகு வந்துவிட்டது. மார்பின் நடுவில் வரவில்லை. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டுப்போகும். அந்த இடம் இனி அப்படியேதான் இருக்கும். இது பிந்தி வந்த உதவி. முந்திச் செய்ய வேண்டியது விற்பவர்களின் கையில் இருக்கிறது. கிளிக்குஞ்சு தாய் ஊட்டுவதை விட்டுத் தானாகத் தின்னத் தொடங்கும் வாரங்களில்தான் எது உணவு, அதை எப்படிப் பிரித்து எடுப்பது என்பதையெல்லாம் தயங்காமல் கற்றுக்கொள்கிறது. அந்த வாரங்களில் பெரும்பாலான குஞ்சுகள் கடைக் கூண்டில், சூரியகாந்தி விதைக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. பறவை விற்கும் கடைக்காரர்களிடம் நான் கேட்பதெல்லாம் குஞ்சுக் கூண்டுகளில் தினமும் ஒரு தோகைச் சோளமோ கம்பங்கதிரோ கட்டுங்கள் என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் கட்டத் தொடங்கியிருக்கிறார். வாங்கப் போகிற நீங்கள் வயதையும் நிறத்தையும் பேசுமா என்பதையும் கேட்கிறீர்கள். உறையோடு ஒரு பட்டாணியை நீட்டி, இதை உரிக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் அந்தக் கடைக்காரரிடம் ஒரு வாரம் பழக்கித் தரச் சொல்லிவிட்டு, பிறகு போய் வாங்கிக்கொள்ளுங்கள்.